180 பேர் படிக்கிறார்கள், யாரும் பேசுவதில்லை

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஞாயிறுதோறும் என் வாழ்க்கையிலிருந்து ஒரு கட்டுரை எழுதி, புலனம் (வாட்ஸ்அப்) வழியாக 180 பேருக்கு அனுப்புகிறேன். ஒன்றரை ஆண்டாகிறது. கட்டைவிரல் வருகிறது, கும்பிடு வருகிறது, 'அருமை' என்று ஒரு சொல் வருகிறது. அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. உண்மையிலேயே படிக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. வாசகர்களைப் பேச வைக்க என்ன வழி?"

தம்பி, கேள்வியோடு நீங்கள் அனுப்பியிருந்த மூன்று கட்டுரைகளையும் படித்தேன். ரப்பர் மரத்தில் பால்வெட்ட அப்பா வைத்திருந்த உளி பற்றியது, தைப்பூச இரவு பற்றியது, தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்கு வந்தது பற்றியது. நன்றாக எழுதுகிறீர்கள். குறை எழுத்தில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் ஒரு வார இதழில் பதினோரு ஆண்டு வாசகர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன். தபால்பை வெறுமையாக வரும் நாள் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். யாக்கோப் நீல்சன் என்பவர் இணையக் குழுக்களைக் கவனித்து 2006-இல் ஒரு தோராயக் கணக்கைச் சொன்னார். நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி. 9 பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள். மீதி ஒருவர்தான் ஓயாமல் பேசுவார். இதை உங்கள் 180 பேருக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி பேச இரண்டு பேர், எப்போதாவது பேசப் பதினாறு பேர். உங்கள் வேலை அந்தப் பதினாறு பேரிடம்தான். 180 பேரும் பேச வேண்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மனம் உடையும்.

மற்றவர்கள் பேசாமல் இருப்பதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜார்ஜ்டவுனில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே ஒருமுறை அட்டை கிழிந்த ஒரு தமிழ் மாத இதழ் எனக்குக் கிடைத்தது. யாரோ ஒருவர் அதைப் பென்சிலும் கையுமாகப் படித்திருக்கிறார். ஒரு கதையின் ஓரத்தில் "எங்கள் தோட்டத்திலும்" என்று எழுதியிருந்தார். இன்னொரு பக்கத்தில் "இது நடக்காது". ஓர் இடத்தில் வெறுமனே "அம்மா". எழுதியவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. அந்த இதழை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வாசகர் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், நம் காதுக்கு அது வந்து சேருவதில்லை என்பதற்கு அதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்படியென்றால் எங்கே தடைபடுகிறது? உங்கள் கட்டுரைகளில் எனக்குத் தெரிந்த முதல் தடை கடைசிப் பத்தி. உளியைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை இருட்டில் அப்பா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவது, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டும் சத்தம், திரும்பி வரும்போது சட்டையில் ஒட்டுப்பால் நாற்றம். எல்லாம் கண்முன்னே நின்றன. எனக்குப் பேச ஆயிரம் இருந்தது. கடைசிப் பத்தியில் நீங்கள் "உழைப்பின் பெருமையை இன்றைய தலைமுறை உணர வேண்டும்" என்று முடித்துவிட்டீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது. "ஆமாம்" என்று தலையாட்டலாம், அவ்வளவுதான். கட்டைவிரல் என்பது அந்தத் தலையாட்டல்தான். நீங்கள் கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளுக்கு 34 உறுப்புகளை எண்ணிச் சொல்கிறது. அந்த வரிசையில் கேட்போர் என்பதும் ஓர் உறுப்பு, எச்சம் என்பதும் ஓர் உறுப்பு. கேட்பவர் செய்யுளுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் இல்லை, அதன் ஓர் அங்கம். சொல்லாமல் விட்டதும் அப்படியே. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எச்சம் இருந்தால்தானே கேட்பவருக்கு உள்ளே இடம் இருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அடுத்த மூன்று வாரம் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு அனுப்பிப் பாருங்கள். எழுதும்போது அந்தப் பத்தி வேண்டும், அது உங்களைக் கரை சேர்க்கிறது. அனுப்பும்போது வேண்டாம்.

அடுத்தது, கேட்கும் விதம். கட்டுரையின் கீழே "உங்கள் மேலான கருத்துகளை எதிர்பார்க்கிறேன்" என்று போடுகிறீர்கள். மன்னிக்க வேண்டும், அது மேடையில் நன்றியுரை சொல்வதைப் போல இருக்கிறது. "மேலான கருத்து" என்று கேட்டால் தன்னிடம் மேலானது எதுவும் இல்லை என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்து, தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை செய்த ஒரு அக்காவிடம் கருத்து கேட்டால் பயப்படுவார். நினைவைக் கேட்டால் விடமாட்டார்.

வாசகர் பக்கத்தில் நானும் முதல் இரண்டு ஆண்டு கருத்துதான் கேட்டேன். "இளைஞரும் தமிழும்", "மேடைப் பேச்சு வளர்ந்ததா தேய்ந்ததா" என்பது போன்ற தலைப்புகள். வழக்கமாக எழுதும் நான்கைந்து ஆசிரியர்களிடமிருந்து கடிதம் வரும். ஒரு வாரம் இடம் நிரப்ப வேண்டிய அவசரத்தில், "ஆயாக்கொட்டகையில் உங்களைத் தூங்க வைத்த ஆயாவின் பெயர் நினைவிருக்கிறதா?" என்று ஒரே ஒரு வரி போட்டேன். பெற்றோர் வேலைக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் ஆயாக்கொட்டகை. அதற்கு வந்த கடிதங்களை மேசை இழுப்பறையில் வைக்க முடியவில்லை. கூலிமிலிருந்து, தைப்பிங்கிலிருந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து, அதுவரை எங்கள் இதழுக்கு ஒரு வரிகூட எழுதாதவர்களிடமிருந்து வந்தன. ஒரு அஞ்சலட்டையில் ஆயாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும் இருந்தன. கீழே, "அவர் சேலை முந்தானையில் எப்போதும் நாலு வேர்க்கடலை முடிந்து வைத்திருப்பார்." வேறு எதுவும் இல்லை. அந்த வரியைப் பிரசுரித்ததும் அடுத்த வாரம் இன்னொரு கட்டு வந்தது.

அந்தக் கேள்வி ஏன் வேலை செய்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். விடை சின்னது, ஒரு பெயர் போதும். அந்த விடையில் சரி, தவறு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விடை கேட்பவனிடம் இல்லை, வாசகரிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் முடிவு. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவர்களிடம் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கேட்பார்கள், அதற்கு யாரும் ஆசையாகப் பதில் சொல்வதில்லை.

உங்கள் தைப்பூசக் கட்டுரைக்கு நான் கேட்டிருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்: மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்பும் இரவில், அது வரும்வரை தூங்காமல் இருக்க உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? பினாங்கில் இருக்கும் ஒருவர் தன் பக்கத்தைச் சொல்வார். இங்கே ரதம் வரும் சாலையெல்லாம் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும், உடைத்து முடிந்த பிறகு தெருவே தேங்காய்த் தண்ணீர் வாசனையில் நனைந்திருக்கும். கோலாலம்பூர்க்காரருக்கு அது புதிதாக இருக்கும். அப்புறம் அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். உங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கும் அந்த நாள் ஒரு நல்ல நாள், தம்பி.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டுத் தமிழர்களில் பலர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி என்று படித்தவர்கள். இடைநிலையில் தமிழை ஒரு பாடமாகத் தொடர்ந்தவர்கள் உண்டு, தொடர முடியாமல் போனவர்களும் நிறைய உண்டு. அவர்கள் தமிழை நன்றாகப் படிப்பார்கள், பேசுவார்கள். எழுத மட்டும் கை நடுங்கும். எந்த ழ, எந்த ண, எங்கே ஒற்று மிகும் என்ற பயம். உங்கள் குழுவில் தமிழாசிரியர்கள் சிலரும் இருப்பதாகச் சொன்னீர்கள். அவர்கள் கண்முன்னே பிழையோடு எழுதிவிட்டு முழிப்பதைவிடக் கட்டைவிரல் பாதுகாப்பானது. உங்கள் வாசகர்கள் பலர் பேசாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆர்வம் இல்லாமல் இல்லை, கூச்சம்.

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். கெடா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதுவார். பயிற்சிப் புத்தகத்தில் கிழித்த தாள், பென்சில் எழுத்து. ஒவ்வொரு கடிதமும் "பிழை இருந்தால் மன்னிக்கவும் ஐயா" என்றுதான் தொடங்கும். சொல்வதெல்லாம் பொன். ஒரு கடிதத்தை நான் முழுவதும் திருத்தி, வாக்கியங்களை அழகாக்கி, "பசியாறிட்டு வேலக்காட்டுக்குப் போனோம்" என்பதைக் "காலை உணவை முடித்துக்கொண்டு பணியிடம் சென்றோம்" என்று மாற்றிப் போட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதன் பிறகு அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. நான் எழுதிக் கேட்டதற்கு ஒரே ஒரு பதில் வந்தது: "அது என் கடிதம் மாதிரி இல்லை ஐயா." அந்த வரி இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே இதை மிகவும் கவனமாகச் செய்யுங்கள். எழுத வேண்டியதில்லை, குரல்பதிவு அனுப்பினால் போதும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல், முதல் குரல்பதிவை நீங்களே போடுங்கள். அதில் தயங்கிப் பேசுங்கள், இடையில் மலாய்ச் சொல் வந்தால் வரட்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புகிறவரிடம் "தமிழில் எழுதலாமே" என்று சொல்லாதீர்கள். அவர் தமிழில்தான் எழுதியிருக்கிறார். யார் பிழையையும் எல்லோர் முன்னிலையிலும் திருத்தாதீர்கள், வேறொருவர் திருத்தினால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். குரல்பதிவை எழுத்தாக்கிப் பகிர்வதென்றால் அனுமதி கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே போடுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் ஆறு மாதத்தில் உங்கள் குழுவின் நிறமே மாறும்.

தமிழ் மொழிக்கு இதனால் கெடுதி வராதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எழுத வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் மொழிக்கு யார் மிஞ்சுவார்கள் என்பதே என் பதில். நம் பத்திரிகைகள் இதை முன்பே நன்றாகச் செய்திருக்கின்றன. கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனில், 1950-51 காலத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்று ஒன்றை நடத்தினார்கள். செய்தித்தாளே வகுப்பறை, வாசகர்களே மாணவர்கள். கதை எழுதுவது எப்படி என்று பாடம் சொல்லி, பயிற்சி கொடுத்து, வந்த கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை வாசகராக மட்டும் இருந்த பலர் அதன் வழியாக எழுத வந்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை யார் பேசினாலும் அந்த வகுப்பைத் தொடாமல் போக முடியாது. கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் நடத்திய தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அதில் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து, ஊர் ஊராக இளைஞர் மணிமன்றங்களை அமைத்தார்கள். ஒரு பத்திரிகைப் பக்கம் இயக்கமாக மாறியது. வாசகருக்குச் செய்ய ஒரு வேலையும் உட்கார ஓர் இடமும் கொடுத்தார்கள், பாராட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சரி, இன்னொரு தடை. ஒரே செய்தி ஒரே நேரத்தில் 180 பேருக்குப் போகிறது. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு எப்படி அழைப்போம்? பத்திரிகையைத் தபாலில் போட்டால் "நேரில் வந்து கூப்பிடவில்லையே" என்று வருத்தம் வரும். நேரில் போய், பெயர் சொல்லி, தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு. பொதுவாகச் சொல்வது யாருக்கும் சொல்லாததுதான். டார்லி, லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கும். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் எழுந்தார்கள். உயிர் போகும் விஷயத்திலேயே "வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று தோன்றுமென்றால், ஒரு கட்டுரைக்குப் பதில் போடுவதில் தோன்றாதா?

அதனால் ஒவ்வொரு வாரமும் மூன்று பேரை மட்டும் மனத்தில் வையுங்கள். கட்டுரை போன பிறகு அந்த மூவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி எழுதுங்கள். "அக்கா, அடுக்குமாடிக்கு வந்ததைப் பற்றி எழுதும்போது உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் மாறி வந்தபோது அந்தப் பெரிய ஆட்டுக்கல்லை என்ன செய்தீர்கள்?" இதைப் பிரதி எடுத்து மூவருக்கும் அனுப்பாதீர்கள், தெரிந்துவிடும். ஒவ்வொருவரையும் உண்மையிலேயே நினைத்து எழுத வேண்டும். வாரம் மூன்று பேர் என்றால் ஓர் ஆண்டில் 156 பேர், கிட்டத்தட்ட உங்கள் முழுக் குழுவும். நேரம் பிடிக்கும்தான். கட்டுரை எழுதும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் நஷ்டமில்லை.

பரிசு, போட்டி, வினாடி வினா எல்லாம் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் அது பரிசுக்குக் கை தூக்க வைக்கும், பேச வைக்காது. எந்த நேரத்தில் அனுப்புவது என்பதிலும் பெரிய இரகசியம் இல்லை. ஒரே நேரத்தில் தவறாமல் அனுப்புங்கள், போதும்.

பதில் வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருவர் ஐந்து வரி எழுதியிருப்பார். அதற்கு நாம் "மிக்க நன்றி" என்று போடுவோம். அதோடு பேச்சு முடிந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துத் திரும்பக் கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையை அந்தச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். தன் பேச்சு எழுத்தின் போக்கையே மாற்றியதைப் பார்த்தவர் மறுபடியும் பேசுவார், பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரும் பேசுவார். பெயர் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குத் தங்கள் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர் வந்தால்தான் மகிழ்ச்சி. எங்கள் இதழில் ஒருவர் பல ஆண்டு தோட்டத்துப் பெயரிலேயே எழுதினார்.

பிழை சொல்கிறவரைத் தனியாகக் கொண்டாடுங்கள். பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறியதை எழுதும்போது "நானூறு படி" என்று போட்டிருந்தீர்கள். 513 படிகள், தம்பி. இதை நான் குழுவில் இருந்து சொல்லியிருந்தால், "சுட்டிக்காட்டியதற்கு நன்றி" என்று திருத்திவிட்டுப் போகாமல், "எண்ணிக்கொண்டே ஏறினீர்களா ஐயா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால், முழங்கால் வலியோடு எண்ணி எண்ணி ஏறிய ஒரு காலைப்பொழுதின் கதை உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதும்போது அவருடைய குடிப்பழக்கத்தையும் தொட்டிருக்கிறீர்கள். தவரணை என்னும் கள்ளுக்கடைக்குப் போகாத ஆள் தோட்டத்தில் குறைவு, அது தெரிந்த கதைதான். இருந்தாலும் அம்மாவும் அக்காவும் அதே குழுவில் இருக்கிறார்கள். வாசகர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சை அவர்களும் படிப்பார்கள். அனுப்புவதற்கு முன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். பேச்சு பெருக வேண்டும் என்பதற்காக வீட்டாரின் மனத்தைக் கூலியாகக் கொடுக்கக் கூடாது.

இனி நான் உங்கள் வாசகனாகப் பேசுகிறேன். உளிக் கட்டுரையைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டியது, கடைசிப் பத்தியால் எழுதாமல் விட்டது. என் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டினார். அவர் இடதுகைக்காரர். சோறு பிசைவதைத் தவிர எல்லாம் இடதுகையில்தான், அதற்கும் பாட்டியிடம் அடி வாங்கித்தான் மாற்றிக்கொண்டாராம். ஆனால் ரப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும், உளியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். இடதுகை உளி என்று ஒன்றை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அம்மா வலதுகையில் வெட்டப் பழகினார். பழகும்வரை பட்டையில் காயம் விழும், கங்காணி திட்டுவார். கடைசிவரை மரத்துக்கு வலதுகை, வீட்டுக்கு இடதுகை. வேலையை விட்டு இருபது ஆண்டு கழித்தும், யாராவது பால்மரத்தைப் பற்றிப் பேசினால் அவருடைய வலது மணிக்கட்டு தானாக ஒருமுறை இழுத்துக் காட்டும்.

உங்கள் அப்பா உளியைத் தீட்டியதும் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார், இடது நகத்தில். அப்பா எந்த நகத்தில் பார்ப்பார்?